எந்தக் கன்னத்தில்?

டோம்பிவிலி ரயில் நிலையத்திற்குக் கிழக்கே, ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படியை ஒட்டி ஒடுங்கியிருக்கும் சிறு பல் மருத்துவ நிலையத்தில், சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை நாம் துபாஷி வேலை பார்க்க நேர்ந்தது. மத்திய அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளை மொழிபெயர்ப்பது நமது பிழைப்பு. காகிதம் எதிர்த்துப் பேசாது. எதிரே அமர்ந்திருக்கும் மனிதருக்காக மொழிபெயர்ப்பது வேறு வகையான தொழில் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

நம் குடியிருப்பில் ஓர் ஆச்சி இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மணமாகி வந்து, முதலில் தாராவியிலும் பின்னர் டோம்பிவிலியிலுமாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவர். காய்கறிக் கடைக்குப் போதுமான இந்தி அவருக்கு உண்டு. கடைவாய்ப் பல்லின் வலியை விவரிக்க அது போதவில்லை. மருத்துவரோ மராத்தியர். பல்லைப் பார்க்கத் தொடங்கியவர், பல்லை விட்டுவிட்டுக் கன்னத்தின் உட்புறத்தைச் சிறு கண்ணாடியால் விலக்கி நெடுநேரம் நோக்கினார். பிறகு, "ஆஜி, பழக்கம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். நாம் அதை அப்படியே தமிழாக்கினோம். ஆச்சி திடுக்கிட்டுப் போனார்.

"சிவ சிவா! எனக்கென்ன பழக்கம் தம்பி? குடியா, கூத்தா?"

பிழை நம்முடையதே. தமிழில் வெறுமனே பழக்கம் என்றால் அது கெட்ட பழக்கம். வெற்றிலை போடுவது அக்கணக்கில் சேராது. மருத்துவர் சிரித்துக்கொண்டே கேள்வியைப் பிரித்துக் கேட்டார். வெற்றிலை போடுவதுண்டா? உண்டு. புகையிலை சேர்த்தா? "அது இல்லாமல் என்ன வெற்றிலை?" நாளொன்றுக்கு எத்தனை முறை? எத்தனை ஆண்டுகளாக? எந்தக் கன்னத்தில் அடக்கிக்கொள்வீர்கள்? இரவில் அதை வாயில் வைத்தபடியே உறங்குவதுண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆச்சி நம் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, மெல்லத் தலையசைத்தார்.

ஐந்து நிமிடத்தில் கேட்டு முடிந்த கேள்விகள் இவை. ஆயினும் இவற்றுள் ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில், யாரோ ஒருவர் வியந்து கேட்டு, மற்றொருவர் எண்ணிப் பார்த்து உறுதி செய்த கேள்வி. அந்த வரலாற்றில் ஒரு பகுதி தமிழ் நாட்டைச் சேர்ந்தது. மற்றொரு பெரும் பகுதி, நாம் இன்று வாழ்கின்ற இந்த மும்பையைச் சேர்ந்தது.

சென்னைப் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவராயிருந்த நிப்ளாக் என்பவர் 1902-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் புற்றுநோய் பற்றிக் கட்டுரை எழுதினார். வாய்ப்புற்றுக்கும் தாம்பூலம் தரிப்பதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று முதன்முதல் ஐயுற்றவர்களுள் அவர் ஒருவர். அடுத்து நெய்யூர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில், 1956 நவம்பர் 1-ஆம் தேதி முதல் நம் மாநிலத்தைச் சேர்ந்ததாக உள்ள இவ்வூர், அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. எவரெஸ்ட் சிகரப் பயணங்களால் புகழ்பெற்ற டாக்டர் ஸாமர்வெல் பிற்காலத்தில் நெடுநாள் பணியாற்றியதும் இவ்வூர் மிஷன் மருத்துவமனையிலேதான். திருவிதாங்கூரில் தாம் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி டாக்டர் பென்டால் 1908-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1933-இல் டாக்டர் ஆர் என்பவர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்லுவோருக்கு உண்டாகும் வாய்ப்புற்றைப் பற்றி லான்செட் இதழில் விரிவாக எழுதினார். என்ன மென்றார்கள், அதில் என்னென்ன சேர்த்தார்கள் என்ற விசாரணை இவ்வாறு தெற்கே தொடங்கிற்று.

பம்பாயில் பரேல் பகுதியில் 1941-ஆம் ஆண்டு டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் ஆய்வுக்கூடத்தை நடத்திய நோய்க்குறியியல் அறிஞர் கானோல்கர், தொடர்ச்சியாக வந்த 1,000 வாய்ப்புற்று நோயாளிகளைப் பற்றி 1944-இல் எழுதினார். 1955-இல் அவரும், மரபியல் அறிஞர் சங்வியும், ராவும் சேர்ந்து, நோயாளிகளின் பழக்கங்களைப் பிறருடைய பழக்கங்களோடு ஒப்பிட்டு வெளியிட்ட முடிவு தெளிவானது: புகையிலையை மெல்லுவோருக்கு வாய்க்குள்ளும், புகைப்போருக்குத் தொண்டைப் பகுதியிலும் நோய் மிகுதி. பழக்கம் மாறினால் நோய் தோன்றும் இடமும் மாறுகிறது. சென்னை அடையாற்றில் 1954-இல் தோன்றிய புற்றுநோய் நிலையத்தின் டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 1959-இல் வாய்ப்புற்றின் காரணங்களைப் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு வலுவூட்டியது.

இவையெல்லாம் பெரிய பணிகளே. ஆனால் இவற்றுக்கு ஒரு குறை இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. புற்றுநோய் மருத்துவமனையின் வாசலுக்கு வருபவர் நோய் முற்றிய பிறகு வருகிறார். அவருடைய கன்னம் ஐந்து ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது என்பதை அம்மருத்துவமனை அறியாது. அதை அறியக் கூடியவர் யார்? பல் வலிக்கு மருந்து கேட்டு வருபவரின் வாயை அன்றாடம் திறந்து பார்க்கும் பல் மருத்துவரே. கன்னத்தின் உட்புறத்தில், தேய்த்தாலும் போகாத ஒரு வெண்மையான தடிப்பை அவர் அடிக்கடி காண்கிறார். வெண்படலம் என்று தமிழில் கூறலாம். பார்த்த படலங்களை அவர் எண்ணி வைப்பதில்லை. வரிசையில் அடுத்த நோயாளி காத்திருக்கிறார். எண்ணத் தெரிந்த பேராசிரியரோ ஒரு வாயையும் திறந்து பார்த்ததில்லை.

இவ்விரு சாராரும் கைகோத்த கதை பல் மருத்துவ உலகிற்கு முற்றிலும் புதியதன்று. 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கிய மக்கே என்ற இளம் பல் மருத்துவர், அவ்வூராரின் பற்களில் காவிநிறக் கறையைக் கண்டார். உள்ளூரில் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் விடாமல் கடிதம் எழுதியதன் பயனாக, பல் மருத்துவக் கல்வியில் அந்நாளில் தலைசிறந்து விளங்கிய பேராசிரியர் பிளாக் 1909-இல் அங்கே வந்து சேர்ந்தார். கறையின் காரணம் குடிநீரிலுள்ள ஃபுளோரைடு என்பது 1931-இல் தெரிந்தது. இதே ஃபுளோரைடு நெல்லூர் மாவட்டத்தில் மனிதரின் எலும்பையே முடக்கிவந்ததைச் சென்னை மாகாணத்து ஆராய்ச்சியாளர்கள் 1937-இல் அறிவித்தார்கள். அது தனியே ஒரு நாள் பேசத்தக்க கதை.

நமது கதைக்குத் திரும்புவோம். டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் பல் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராயிருந்த பிண்ட்போர்க், வாய்நோய்களில் உலகறிந்த நிபுணர். 1960-களில் அவர் இந்தியப் பல் மருத்துவர்களோடு சேர்ந்து பல நகரங்களில் மக்களின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினார். இலக்னோவில் 10,000 பேர். பெங்களூரில் 10,000 பேர். பம்பாயில் 10,000 பேர். பம்பாய்வாசிகளைப் பற்றிய முதல் அறிக்கை 1965-இல் இந்தியப் பல் மருத்துவர் சங்கத்தின் இதழில் வெளிவந்தது.

அதே காலத்தில் பம்பாயில் ஃபாலி மேத்தா என்ற பல் மருத்துவர், நகரத்துப் போலீஸ்காரர்களின் வாயைப் பார்த்துக் குறித்து வைத்து, பத்தாண்டு கழித்து அவர்களையே மீண்டும் பார்த்தார். போலீஸ்காரரைத் தேர்ந்ததில் ஒரு நயம் உண்டு என்பது நமது கருத்து: கட்டளையிட்டால் வந்து வாயைத் திறப்பர்; பத்தாண்டு கழித்துத் தேடினாலும் பெரும்பாலும் அகப்படுவர். அந்த ஆராய்ச்சி 1972-இல் வெளிவந்தது.

மேத்தாவின் ஆராய்ச்சிப் பிரிவு இருந்த இடம் எது தெரியுமா? கொலாபாவில், கடலோரத்தில், அணுவியலுக்கும் கணிதத்துக்கும் பெயர்பெற்ற டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம்! ஹோமி பாபா 1945-இல் தோற்றுவித்த அந்த நிலையத்தில் பல் மருத்துவருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அங்கே கிடைத்த துணைகளில் மிக இன்றியமையாதது கணக்கு. பிரகாஷ் குப்தா என்ற இளம் புள்ளியியலார் அப்பிரிவிற் சேர்ந்தார். பல் மருத்துவர் மேத்தா, பேராசிரியர் பிண்ட்போர்க், கணக்கர் குப்தா ஆகியோரின் பெயர்கள் அதன் பின் பல ஆண்டுகள் கட்டுரைத் தலைப்புகளின் கீழ் ஒன்றாகவே காணப்பட்டன. உடன் உழைத்த தஃப்தாரி, பௌன்ஸ்லே முதலிய பல் மருத்துவர்களின் பெயரும் மறக்கற்பாலன அல்ல.

அவர்கள் செய்த காரியம் எளிமையானது, எளிமையாயிருந்ததால் கடினமானது. நோயாளி வருமட்டும் காத்திராமல் வீடு வீடாகச் சென்றனர். கேரளத்தில் எர்ணாகுளம், ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளம், குஜராத்தில் பாவ்நகர், அன்றைய பீகாரில் சிங்பூம், தர்பங்கா ஆகிய ஐந்து மாவட்டங்களின் கிராமங்களில் 50,915 பேரின் வாய் பரிசோதிக்கப்பட்டது. முடிவுகள் 1969-இல் வெளிவந்தன. ஐந்து மாவட்டம் என்றால் ஐந்து விதமான புகையிலை. எர்ணாகுளத்தில் வெற்றிலையோடு மெல்லுகிறார்கள். ஸ்ரீகாகுளத்தில், பெண்கள் உட்பட, சுருட்டின் எரிகின்ற முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கிறார்கள். அங்கே நோய் அண்ணத்தில் தோன்றுகிறது. பின்னர் மகாராஷ்டிரத்திலும் 1,01,761 கிராமத்தாரைப் பரிசோதித்து 1972-இல் அறிக்கை தந்தனர்.

ஒரு முறை பார்ப்பது போதாது என்பதை மேத்தா போலீஸ்காரரிடமே கற்றிருந்தார். ஆகவே எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர் ஆகிய மூன்றிடங்களிலும் அதே மக்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்தனர். ஒரு மழைக்காலத்தில் குடிபெயர்ந்தவரை அடுத்த கோடையில் தேடிப் பிடித்து, மீண்டும் கன்னத்தை விலக்கி, மீண்டும் அதே கேள்விகளைக் கேட்பதை எண்ணிப் பாருங்கள். 1980-இல் வெளியான அதன் முடிவு மருத்துவ உலகில் நிலைபெற்றது. வாய்ப்புற்றும் அதற்கு முந்திய மாற்றங்களும் ஏறத்தாழ முற்றிலும் புகையிலையைப் பயன்படுத்துவோரிடமே தோன்றின. மேலும், புற்றுநோய் திடீரென்று வரவில்லை. பெரும்பாலும் அதற்கு முன்னரே வெண்படலமோ வேறு மாற்றமோ அவ்விடத்தில் இருந்தது. எனவே நோய் தன் வருகையை முன்னறிவிக்கிறது. அந்த அறிவிப்பைப் படிக்க வெளிச்சமும் சிறு கண்ணாடியும் பழகிய கண்ணும் போதும்.

அப்படியானால் புகையிலையை விடச் செய்தால் என்ன ஆகும்? இதைச் சொல்ல எல்லாருக்கும் முடியும், காட்ட வேண்டும். அதே மூன்று மாவட்டங்களில், புகையிலை பயன்படுத்தும் வேறு 36,471 பேரை எடுத்துக்கொண்டு, ஆண்டுதோறும் வாயைப் பரிசோதித்ததோடு, நேரிற் பேசியும் படம் காட்டியும் வானொலி முதலியவற்றின் வாயிலாகவும் அதை விடும்படி வற்புறுத்தினர். முன்னர் ஆராயப்பட்ட மக்களே ஒப்பீட்டுக்கு உதவினர். ஐந்தாண்டு முடிவுகள் 1986-இல் லான்செட்டில் வெளிவந்தன. எர்ணாகுளத்தில் புதிதாக வெண்படலம் தோன்றுவது, ஆண்களிடமும் பெண்களிடமும், முன்பிருந்ததில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது. மூன்று மாவட்டங்களிலும் பலன் ஒரே அளவில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாரும் விட்டுவிடவும் இல்லை, விட்டவர் சிலரே. குறைத்தவர் பலர்.

இரவில் வாயில் அடக்கியபடி உறங்குவது பற்றிய கேள்வியின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்திற்காக ஆசிய நாடுகளில் வாய்ப்புற்றை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் ஹிராயாமா, அத்தகையோருக்கு அபாயம் பன்மடங்கு கூடுதலென்று 1966-இல் எழுதினார். தெரியாமலே நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் செய்துவந்தது அதுதான்.

புகையிலை சேராத பாக்கு குற்றமற்றது என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். விருந்து முடிந்ததும் சிறுவர் கையிலும் ஒரு சிட்டிகைச் சீவல் கொடுப்பர். இங்கே புலம்பெயர்ந்தோரின் வாய் ஒன்று வரலாற்றில் இடம்பெறுகிறது. 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர், கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாய் உட்புறம் இறுகி, திறக்க இயலாது போனதைக் குறிப்பிட்டார். மறு ஆண்டே பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ஜோஷி இதே நோயை இந்தியாவில் விவரித்தார். காரணம் மிளகாய்க் காரம் என்று சிலர், சத்துக்குறைவு என்று சிலர் சொல்லிவந்தனர். பாவ்நகரில் நோயுற்றோரையும் நோயற்றோரையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி 1990-இல் பாக்கையே குற்றவாளியாகச் சுட்டிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, பாக்கு தனித்தும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்ற தீர்ப்பை 2004-இல் வெளியிட்டது. அதற்குள் குட்கா பொட்டலங்கள் ரயில் நிலையக் கடைகளிற் சரம் சரமாகத் தொங்கத் தொடங்கிவிட்டன. மகாராஷ்டிர அரசாங்கம் 2002-இல் தடை விதித்தது. 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் அது நிலைக்கவில்லை. 2012-இல் மீண்டும் தடை வந்தது. தடை வந்த பின்னும் மறைவில் விற்பனை நடப்பதைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர்.

மும்பையைப் பற்றி ஒரு கணக்கு. 1990-களின் தொடக்கத்தில் குப்தாவின் குழுவினர், வாக்காளர் பட்டியலைக் கொண்டு தீவு நகரின் வீடுகளுக்குச் சென்று, 35 வயதுக்கு மேற்பட்ட 99,598 பேரைக் கண்டு பேசினர். காகிதத்திற்குப் பதில் கையடக்கக் கணினியில் விடைகளைப் பதிந்தது அந்நாளில் புதுமை. ஆண்களில் 69.3 விழுக்காட்டினரும் பெண்களில் 57.5 விழுக்காட்டினரும் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தியதாகத் தெரிந்தது. பெண்கள் பெரும்பாலும் புகைப்பவரல்லர்; புகையில்லாத புகையிலையே அவர்களுடையது. இந்நகரில் அதற்கு மஷேரி என்றொரு வடிவம் உண்டு. புகையிலையைத் தோசைக்கல் போன்ற இரும்புத் தட்டிலிட்டுக் கருக வறுத்துப் பொடித்து, பல் துலக்குவதாகச் சொல்லி ஈறில் தேய்ப்பது.

பார்த்துக் கண்டறியும் வேலையைப் பல் மருத்துவர் மட்டுந்தான் செய்ய வேண்டுமா என்பது பிறகு எழுந்த கேள்வி. பயிற்சி பெற்ற கிராம சுகாதார ஊழியரும் செய்யலாம் என்று 1980-களில் இலங்கையிலும் கேரளத்திலும் காட்டினார்கள். திருவனந்தபுரம் பகுதியில் 13 தொகுதிகளாகப் பிரித்து 1,91,873 பேரிடம் நடத்திய ஆராய்ச்சி 2005-இல் வெளிவந்தது. வாயைக் கண்ணால் பார்த்துப் பரிசோதித்த தொகுதிகளில், புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 விழுக்காடு குறைந்தது. கருவி ஏதும் பெரிதாக இல்லை. கைவிளக்கு, கையுறை, கேள்விகள்.

அக்கேள்விகளைத்தான் அன்று மாலை நாம் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தோம். ஆச்சி, இடது கன்னம் என்று தொட்டுக் காட்டினார். படலமும் இடது கன்னத்தில்தான் இருந்தது. சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், பயப்பட வேண்டாம், ஆனால் இன்றே புகையிலையை விட்டுவிட வேண்டும் என்றார் மருத்துவர். 'பயப்பட வேண்டாம்' என்பதை நாம் இரண்டு முறை மொழிபெயர்த்தோம். வெளியே மழை ஓயவில்லை. படிக்கட்டில் நின்றபோது ஆச்சி தணிந்த குரலில், "தம்பி, காலையிலே மஷேரியும் தேய்ப்பேன். தாராவியிலே பக்கத்து வீட்டுக்காரி பழக்கிவிட்டா. அதை அவரு கேக்கவே இல்லையே" என்றார்.

நாம் திரும்ப உள்ளே போய் அதைச் சொன்னோம். அடுத்த நோயாளி நாற்காலியில் அமர்ந்துவிட்டிருந்தார். மருத்துவர் கையுறையைக் கழற்றி, ஆச்சியின் அட்டையை மீண்டும் எடுத்து, இடது கன்னம், நாற்பது ஆண்டு என்று எழுதியிருந்ததன் கீழே மற்றொரு வரி சேர்த்தார்.

துணுக்கின் முடிவு பத்து நாளில் வந்தது. புற்று இல்லை. மூன்று மாதத்திற்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்று சொன்னார்கள். இரண்டு முறை கூடப் போயிருக்கிறோம். வெறும் வெற்றிலையிலே ருசியே இல்லை என்று ஆச்சி ரயில் பாலம் ஏறும்போதெல்லாம் குறைப்படுகிறார். அடுத்த முறை தை மாதத்தில்.